வடிசாலைக்காரரைக் கேளுங்கள்: வீட்டில் மோல்ட் விஸ்கி

சென்ற இதழில், ஸ்கொட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் ஒரு வடிசாலையில் 19 வருடம் வேலை செய்த கதையைக் கொஞ்சம் எழுதியிருந்தேன். முளைக்கூடத் தரையில் மரச் சவளால் பார்லி புரட்டியது, தோள் வலித்தது, குளிர், இவ்வளவுதான். ஆசிரியர் இந்த முறையும் ஒரு பக்கம் என்றுதான் சொல்லியிருந்தார். வட்டக்கச்சி வீட்டுக்கு வந்த கடிதக் கட்டைப் பார்த்த பிறகு, "வேண்டிய அளவு எழுதுங்கள்" என்றார். சாராயம் என்றால் எங்கள் சனத்துக்கு வரும் அறிவுத் தாகமே தனி. ஒரே மாதிரிக் கேட்டவர்களை ஒன்றாக்கியிருக்கிறேன்.

ஐயா, எனக்கு வயது 27. தருமபுரத்தில் தோட்டம் செய்கிறேன். ரொரன்ரோவில் இருக்கும் அண்ணா வந்தபோது ஒரு போத்தல் மோல்ட் விஸ்கி கொண்டுவந்தார். அங்கே பலர் சின்னச் செம்புப் பாத்திரம் வாங்கி வீட்டிலேயே வடிக்கிறார்களாம். விற்க அல்ல, பொழுதுபோக்காக ஒருமுறை செய்து பார்க்க ஆசை. கிளிநொச்சிக் கடையில் இரண்டு கிலோ பார்லி வாங்கி ஊறவைத்தேன். நான்கு நாளாகியும் ஒரு மணிகூட முளைக்கவில்லை. நாற்றம் தாங்காமல் அம்மா கிடங்கில் கொட்டிவிட்டார். எங்கே பிழைத்தது?

தம்பி, கடைப் பார்லி முளைக்காது. அது காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைப்பதற்காக உமியும் தவிடும் போகத் தீட்டிய பார்லி. தீட்டும்போது முளைக்கிற மூக்கும் சேர்ந்து போய்விடும். பச்சரிசியை ஊறவைத்து நாற்று விட முடியுமா? அதே கதைதான். மோல்ட் (முளைவிட்டு உலர்த்திய தானியம்) செய்ய உமியோடு இருக்கும் உயிருள்ள பார்லி வேண்டும். நம் சூட்டில் அது விளையாது, கடையிலும் கிடைக்காது.

ஆனால் நீங்கள் கேட்ட வேலையின் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். காலபோகத்துக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் ஊறப்போடுகிறோம். ஒரு நாள் கழித்துத் தூக்கி, தண்ணீர் வடியவிட்டு, மூடி வைக்கிறோம். சாக்கின் நடுவில் கையை விட்டால் சுடும். கிளறாமல் விட்டால் புளித்த மணம் வரும், முளை அவிந்துபோகும். முதல் நாள் முளைக்கூடத்துக்குள் போனபோது எனக்கு அடித்தது இந்த மணம்தான். எட்டு வயதில் அப்பு கை பிடித்துச் சாக்குக்குள் விடச் சொன்ன ஞாபகம் வந்தது. அங்கே தரையில் அரை முழ உயரத்துக்குப் பரப்பிக் கிடந்தது பார்லி. நான் இதை முன்பே செய்திருக்கிறேன் என்று எங்கள் தலைவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

முறை இதுதான். பார்லியை இரண்டு மூன்று நாள் ஊறவைப்பதும் வடியவிடுவதுமாக மாற்றி மாற்றிச் செய்வார்கள். மணியில் ஈரம் 45 சதவீதம் அளவுக்கு ஏறியதும் தரையில் பரப்புவார்கள். ஐந்து நாள் அளவில் கிடக்கும். சூடு ஏறாமல், வேர் பின்னாமல், சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்தான். வருடக்கணக்கில் புரட்டியவர்களுக்கு ஒரு தோள் கீழே தொங்கிப்போகும். அதற்கு அங்கே "குரங்குத் தோள்" என்று பெயர். எனக்குத் தொங்கவில்லை, மாரி மழைக்கு வலிக்க மட்டும் செய்கிறது.

எப்போது நிறுத்துவது? உமிக்குள்ளே தளிர் மணியின் முக்கால் நீளத்துக்கு வளர்ந்திருக்க வேண்டும். மணியை நசுக்கித் தேய்த்தால் வெண்கட்டி மாதிரி மாவாகப் பிசுபிசுக்க வேண்டும். பழைய ஆட்கள் அந்த மணியால் சுவரில் கோடு கிழித்துப் பார்ப்பார்கள், கோடு விழுந்தால் சரி. விதை தன் பிள்ளைக்கு ஊட்டுவதற்காக, மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்களைத் தயாரித்து முடித்த நேரம் அது. அந்தக் கணத்தில் சூடான காற்றில் உலர்த்தி முளையை நிறுத்திவிடுகிறோம். கொஞ்சம் கொடுமையான வேலைதான். உலர்த்தும் சூடு ஏறினால் நொதியமும் செத்துவிடும். எங்கள் அடுப்பறைக்காரர் உஷ்ணமானியைவிடத் தன் உள்ளங்கையைத்தான் நம்புவார்.

மிச்சம் சுருக்கமாகச் சொல்கிறேன். உலர்ந்த மோல்டைக் குருணையாக அரைத்து 64 பாகை செல்சியஸ் அளவிலுள்ள தண்ணீரில் ஊறவைத்தால், மாப்பொருள் சீனியாகி இனிப்புத் தண்ணீர் வரும். ஆறவிட்டு மதுவம் (ஈஸ்ட்) சேர்த்து இரண்டு மூன்று நாள் நொதிக்கவிட்டால் எட்டு சதவீத எதனோல், அதாவது மதுசாரம். நம் பனங்கள்ளைவிடச் சற்றுக் கடுமை, ருசியில் பல மடங்கு மோசம். அதைச் செம்புப் பானையில் ஒருமுறை வடித்தால் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே, இரண்டாம் முறை வடித்தால் 70 அளவில். பானை ஏன் செம்பு என்றால், கந்தகச் சேர்மங்களின் அவித்த கோவா மணத்தைச் செம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். மோல்ட் செய்பவர் ஒரு மணியில் செய்த பிழையை எந்தச் செம்புப் பானையும் திருத்தித் தராது. அண்ணா பாத்திரத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். அதுதான் பார்க்க அழகாக இருக்கும்.

இனிச் சட்டம். கனடாவில் வீட்டுப் பாவனைக்குப் பியரும் வைனும் செய்யலாம். வடிப்பதற்கு அங்கேயும் அனுமதி வேண்டும். வீட்டில் தன் பாவனைக்கு வடிக்க 1996 முதல் விட்டிருக்கிற நாடு நியூசிலாந்து. இங்கே 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பதும் குற்றம், அதற்கென்று பாத்திரம் வைத்திருப்பதும் குற்றம். "பொழுதுபோக்கு" என்று ஒரு பிரிவு அதில் கிடையாது. அந்த இரண்டு கிலோ நாறிப்போனதில் உங்களுக்கு நட்டமில்லை. கையில் மண் ஒட்டிய ஆசை தீரவில்லையென்றால், கடைசிக் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

மாஸ்ரர், கசிப்பும் காய்ச்சுவதுதான், விஸ்கியும் காய்ச்சுவதுதான். ஒன்றைப் பொலிஸ் பிடிக்கிறது, மற்றதைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கிறார்கள். வெள்ளைக்காரன் செய்தால் கலை, விசுவமடுவில் செய்தால் குற்றமா? (முள்ளியவளை வாசகர்)

நான் மாஸ்ரர் இல்லை, இருந்தாலும் இருக்கட்டும்.

வெள்ளைக்காரனும் காட்டுக்குள் ஒளித்துத்தான் காய்ச்சினான். ஸ்பே பக்கத்து மலைப் பள்ளத்தாக்குகளில் கள்ளப் பானைகள் நிறைய இருந்தன. 1823இல் சட்டத்தை மாற்றி வரியைக் குறைத்தார்கள். அடுத்த வருடம் கிளென்லிவெற்றில் ஜோர்ஜ் சிமித் என்பவர் அனுமதிப்பத்திரம் எடுத்தார். அயலிலிருந்த கள்ளக் காய்ச்சல்காரர்கள் அவரைத் துரோகியாகப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியோடு திரிய வேண்டியிருந்தது. ஆகவே இனத்தில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பானையிலிருந்து வடிவதை எங்கே வெட்டுகிறோம் என்பதில்.

இரண்டாம் வடிப்பில் முதலில் வருவது தலை. மூக்கில் ஏறும், நகப்பூச்சு மணம். நடுவில் வருவது நெஞ்சு. கடைசியில் வருவது வால். ஈர நாய் மணம் என்று நாங்கள் சொல்வோம். நெஞ்சை மட்டும் பீப்பாய்க்கு எடுத்து, தலையையும் வாலையும் அடுத்த வடிப்போடு திருப்பிச் சேர்ப்பார்கள். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும் ஆள் வடிவதைத் தொடக்கூட முடியாது. அது பூட்டுப் போட்ட பித்தளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடும், திறப்பு முகாமையாளரிடம். வெளியிலிருந்து பிடியைத் திருப்பி, உள்ளே தண்ணீர் கலந்து பார்ப்போம். பால் மாதிரிக் கலங்கினால் இன்னும் தலை, கலங்காமல் தெளிந்தால் நெஞ்சு. 19 வருடம் கண்ணுக்கு முன்னால் ஆறாக ஓடியதில் ஒரு சொட்டு விரலில் பட்டதில்லை என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை.

கசிப்புக்காரருக்கு ஒவ்வொரு போத்தலும் காசு. அவர் தலையையும் விடமாட்டார், வாலையும் விடமாட்டார். வடிக்க முன் புளிக்கவிடும் கோடாவுக்குள் யூரியா போடுகிறவர்களும் உண்டு. யூரியாவும் எதனோலும் சூட்டில் சேர்ந்தால் ஈதைல் காபமேற் உண்டாகும். அது புற்றுநோயை வரவழைக்கக்கூடியது என்று கருதப்படுவது. பழைய வாகன ரேடியேற்றரைக் குளிரவைக்கும் குழாயாக மாட்டினால் அதன் பற்றாசிலிருந்து ஈயம் வரும். ஈயம் நாளுக்கு நாள் உடம்பில் சேருமே தவிர அன்றைக்கே காட்டாது.

மெதனோல் என்ற நச்சு மதுசாரம் பற்றியும் மூன்று கடிதம். "முதல் கோப்பையை ஊற்றிவிட்டால் நஞ்செல்லாம் போய்விடும்" என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மெதனோல் 64.7 பாகையில் கொதிக்கும், எதனோல் 78.4இல். அதனால் முதலில் அது, பிறகு இது என்று வரிசையில் நின்று வரும் என நினைக்கிறார்கள். தண்ணீரோடு கலந்திருக்கும்போது அப்படி வராது, வடிப்பு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். நல்ல வேளையாகத் தானியத்திலும் சீனியிலும் மெதனோல் மிகக் குறைவாகத்தான் உண்டாகும். அது பழத்திலுள்ள பெக்ரினிலிருந்து வருவது. கூட்டமாக ஆட்களைக் கொல்வது தொழிற்சாலை மெதனோலைக் கடுமைக்காகக் கலக்கும்போதுதான். 2024 ஆனியில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டவர்கள் செத்தது அப்படித்தான். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் மங்கினால், பனிமூட்டம் மாதிரித் தெரிந்தால், மோர் கொடுத்துப் படுக்க வைக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. அங்கே மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் இராது.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை. 40 சதவீத சாராயத்தின் ஆவி 26 பாகையிலேயே தீப்பற்றக்கூடியது. நம் பகல் 34. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். ஸ்கொட்லாந்துக் குளிரில் ஒருவன் தப்பிய பிழைக்கு இங்கே மூன்று கல் அடுப்பு மன்னிப்புக் கொடுக்காது. எங்கள் வடிசாலைப் பானை அறைக்குள் தீப்பெட்டி கொண்டுபோனால் அன்றைக்கே வேலை போகும்.

நான் தச்சன். பாலை, முதிரை, சவண்டலை மூன்றும் என் பட்டறையில் இருக்கிறது. விஸ்கிப் பீப்பாய் இதில் எதில் செய்யலாம்? வெளிநாட்டு ஓக் மரத்தில் அப்படி என்ன இருக்கிறது? (விசுவமடு)

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், நல்ல கேள்வி.

வெள்ளை ஓக்கில் இரண்டு குணம். அதன் சாறு ஓடும் குழாய்களை மரமே உள்ளிருந்து அடைத்துவிடும், அதனால் ஒழுகாது. உட்புறத்தை நெருப்பில் கருக்கினால் மரத்திலிருந்து வனிலா மணமும் தேங்காய் மாதிரி ஒரு மணமும் வெளிவரும். ஆம், தேங்காய். குளிர்நாட்டில் முதல்முறை அந்த மணத்தைப் பீப்பாய்க்குள் முகர்ந்தபோது அம்மா சம்பல் அரைக்கிறாவோ என்று நினைத்தேன். அமெரிக்காவில் பேர்பன் விஸ்கிக்குப் புதிய பீப்பாய்தான் பாவிக்க வேண்டும் என்று சட்டம். ஒருமுறை பாவித்ததை அவர்கள் விற்றுவிட, ஸ்கொட்லாந்துக்காரர் மலிவாக வாங்குகிறார். சிக்கனத்தில் எங்கள் ஆட்களோடு போட்டி போடக்கூடிய சாதி.

பாலையும் முதிரையும் வளை, கதவு நிலைக்கு ராசா. பீப்பாய்ப் பலகையாக வளைக்கப் போனால் உங்கள் வாள்தான் அழும். நீங்கள் பிழையில்லாமல் எடுத்த மரம் சவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல, ஆங்கிலேயர் வைத்த பெயர் திருகோணமலை மரம். இலங்கையில் தென்னஞ்சாராயத்தை முதிர வைக்கும் பெரிய தொட்டிகள் அதில்தான் செய்யப்பட்டன. ஓக் மாதிரி வனிலாவை அள்ளிக் கொட்டாது, அடக்கமான மரம். சாராயத்தின் சொந்தக் குணத்தை மூடாமல் வழுவழுப்பாக்கும். எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும். விஸ்கிக்காரர் ஒருவரும் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஆனால் மரத்தைவிடப் பெரிய சிக்கல் வெயில். பீப்பாய் மூச்சு விடும். ஸ்கொட்லாந்தில் வருடம் இரண்டு சதவீதம் ஆவியாகப் போகும், தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் அம்ருத் மோல்ட் விஸ்கி செய்பவர்களுக்கு வருடம் 10 முதல் 12 சதவீதம் போகிறது. 200 லீற்றர் பீப்பாய் ஒன்றை 12 வருடம் வைத்தால் ஸ்கொட்லாந்தில் 157 லீற்றர் மிஞ்சும். வருடம் 11 சதவீதம் போகிற இடத்தில் மிஞ்சுவது 49. பெங்களூர் உயரத்தில் இருக்கிற ஊர், நம் வன்னி வெயில் அதைவிட மோசம். நம்மூர்த் தேவதைகள் குடிகாரத் தேவதைகள். அதனால்தான் அம்ருத் நாலைந்து வருடத்திலேயே போத்தலுக்குப் போய்விடுகிறது. சூட்டில் மரமும் சாராயமும் வேகமாகப் பேசிக்கொள்ளும், அதிகம் காத்திருந்தால் பலகையைச் சப்பின மாதிரி இருக்கும்.

வீட்டில் ஐந்து லீற்றர்ச் சின்னப் பீப்பாய் செய்து தரச் சொல்லி யாரும் வந்தால், அழகுக்குச் செய்து கொடுங்கள். பீப்பாய் சின்னதாக ஆக உள்ளே இருப்பதற்கு மரம் படும் பரப்புக் கூடும். மாதக் கணக்கில் கசந்துவிடும். தண்ணீர் ஊற்றி வையுங்கள், காய்ந்தால் பலகை விலகும்.

பீட் புகை என்கிறார்களே, அது என்ன? பனம் ஊமல் புகை போட்டால் அந்த மணம் வருமா?

பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசியும் செடியும் அரைகுறையாக உக்கி இறுகிய கரி மண். வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும், ஒரு மீற்றர் ஆழத்தில் வெட்டினால் ஆயிரம் வருடத்துப் பழசு. செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து, முளைப் பார்லியை உலர்த்தும்போது அடியில் புகைய விடுவார்கள். ஐலா தீவின் லப்ரோய்க், ஆர்ட்பெக் எல்லாம் அந்த மணம்தான். நம்மவர் முதல்முறை குடித்தால் ஆஸ்பத்திரி வார்ட் என்பார்கள். அதுவும் பொய்யில்லை, பீனோல் குடும்பத்து மணம் அது.

ஊமல் புகைக்கு வேறு மணம். புகையிலைக் குடிலில் பொச்சு மட்டைப் புகை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த எரிபொருளோ அந்த மணம். ஊமலில் ஒருமுறை குரக்கன் முளையை உலர்த்திப் பார்த்தேன். கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் கஞ்சி குடித்த மாதிரி இருந்தது. மனைவி அந்தச் சட்டியை இன்னும் வீட்டுக்குள் எடுக்கவில்லை.

வன்னியில் அனுமதி எடுத்து ஒரு கொம்பனி மோல்ட் விஸ்கி செய்தால், "ஸ்கொட்ச்" என்று போத்தலில் போடலாமா?

போட முடியாது. ஸ்கொட்லாந்திலேயே வடித்து, அங்கேயே 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடந்து, 40 சதவீதத்துக்குக் குறையாமல் போத்தலில் அடைத்தால்தான் அந்தப் பெயர். 2009இன் விதிகளில் எழுதியிருக்கிறது. ஜப்பான்காரர் 1918இல் தக்கெற்சுரு என்பவரை ஸ்கொட்லாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தும், தங்கள் போத்தலில் ஜப்பான் என்றுதான் போடுகிறார்கள். போட்டு விலையையும் கூட்டிவிட்டார்கள்.

என் இளைய மகளுக்கு ஒன்றரை வயது. குரக்கன் மோல்ட் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மோல்ட் என்றால் மதுபானத்துக்குப் போடுவது என்று மாமியார் பயப்படுகிறார். செய்யும் முறையும் சொல்லுங்கள். (மல்லாவி)

மகள், மாமியிடம் சொல்லுங்கள், மோல்ட் என்றால் முளைவிட்டு உலர்த்திய தானியம். மதுவம் சேர்த்து நாள் கணக்கில் நொதிக்கவிட்டால்தான் மதுவாகும்.

குரக்கனைக் கல் மண் போகக் கழுவி ஓர் இரவு ஊறவையுங்கள். வடித்து, ஈரத் துணியில் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். நம் சூட்டுக்கு இரண்டு நாள் போதும். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். புளித்த மணமோ பூஞ்சணமோ வந்தால் கஞ்சத்தனம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் பாயில் பரப்பி வெயிலில் காயவையுங்கள். கசக்கி, சுளகில் புடைத்து வேரை நீக்கி, சட்டியில் மெல்லிய சூட்டில் ஈரம் போகும்வரை மட்டும் வறுத்து அரையுங்கள். சிவக்க வறுத்தால் மணம் நன்றாக இருக்கும், நொதியம் செத்துவிடும். பிறகு அது வெறும் குரக்கன் மா.

மோல்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. சாதாரணக் குரக்கன் மாவில் கட்டியாகக் கஞ்சி காய்ச்சுங்கள், அகப்பை நிற்கும் அளவுக்கு. விரல் வைத்தவுடன் எடுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி மோல்ட் மாவைத் தூவிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் கஞ்சி இளகித் தண்ணீராகும், நாக்கில் இலேசாக இனிக்கும். சீனி போட வேண்டியதில்லை. கட்டியாக இருந்தது இளகுவதால், பிள்ளை அதே கோப்பையில் கூடுதலான தானியம் குடிக்கும். தருமபுரத்துத் தம்பியும் இதைச் செய்து பார்க்கட்டும். ஸ்பே ஆற்றங்கரையில் ஆள் உயரத் தொட்டியில் நாங்கள் செய்ததும் இதே வேலைதான். அவர் மருந்துக் கடையில் அயடீன் வாங்கி, தனிக் கோப்பையில் எடுத்த கஞ்சிக்கு ஒரு துளி விடலாம். மோல்ட் போடாத கஞ்சி கருநீலமாகும், மோல்ட் நன்றாக வேலை செய்ததில் நீலம் குறையும். அயடீன் விட்ட கோப்பையைக் குடிக்காமல் ஊற்றிவிடச் சொல்லுங்கள்.

பிள்ளைக்குக் கொடுப்பதை மறுபடி ஒரு கொதி கொதிக்கவிட்டு, ஆறியதும் அன்றைக்கே கொடுத்து முடியுங்கள். இரவு மிச்சம் வைத்தால் காலையில் புளிக்கும்.